காய்ச்சலுக்குப் பின் கூடிய எடை: செவ்வாய்ப்பேட்டைச் சிறுவன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பம். தந்தை, தாய், தந்தையின் அம்மா, 11 வயது மகன், 8 வயது மகள் என வீட்டில் ஐந்து பேர். மகனின் எடைக்காகத்தான் வந்தார்கள். உட்கார்ந்ததுமே தாய் சொன்னது இது: "போன வருசம் ஆடிப் பண்டிகை சமயத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சுங்க டாக்டர். அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தான். அதுல இருந்துதான் இப்படி ஊதிக்கிட்டே போறான்."

தந்தைக்கு வேறொரு கவலை. கொழுப்பை உண்டாக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறது, அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்று கைபேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து பையனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தங்கையை அவன் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. பள்ளியில் அவனை "ஜவ்வரிசி மூட்டை" என்று கூப்பிடுகிறார்கள் என்பது பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாகப் பேசியபோதுதான் தெரிந்தது. வீட்டில் தட்டைத் தனியாக வைத்தார்களே, அதுதான் அவனுக்கு அதைவிட வலித்திருந்தது.

இந்த நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் அந்தக் காணொளி. அதில் சொன்னது முழுப் பொய் இல்லை. அப்படி ஒரு வைரஸ் ஆராய்ச்சி இருக்கிறது. அது நம் நாட்டில், பம்பாயில் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளை நெருங்குகிறது. அந்த ஆராய்ச்சி எதுவரை போயிருக்கிறது, ஒரு தனிப்பட்ட குழந்தையின் விஷயத்தில் அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைப் பிரித்துக் காட்ட இந்தச் சிறுவனின் கதை உதவுகிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காய்ச்சல்

மூன்று நாள் கடும் காய்ச்சல். தொண்டை வலி. இரண்டு கண்ணும் சிவந்து பீளை தள்ளியது. கூடவே இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. வகுப்பில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அதே வாரத்தில் அதே தொந்தரவு. காய்ச்சல், தொண்டைப்புண், கண் சிவப்பு மூன்றும் சேர்ந்து ஒரு வகுப்பறைக்குள் பரவினால் குழந்தை மருத்துவர் முதலில் நினைப்பது அடினோவைரஸைத்தான். பரிசோதனை செய்து உறுதிப்படுத்தவில்லை. செய்ய வேண்டிய தேவையும் அப்போது இல்லை. ஒரு வாரத்தில் பையன் சரியாகிவிட்டான்.

ஆக, தாய் சொன்ன கதையும் ஆராய்ச்சி சொல்லும் கதையும் ஓரிடத்தில் சந்திப்பது போலத் தெரிகிறது. எடையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் வைரஸும் ஓர் அடினோவைரஸ்தான். இங்கேயே நிறுத்திவிட்டு "ஆமாம், வைரஸ்தான்" என்று சொல்லிவிட முடியும். அப்படிச் சொல்லியிருந்தால் பெற்றோருக்கு அன்றைக்கு ஒரு நிம்மதி கிடைத்திருக்கும். ஆனால் பையனுக்கு அது துரோகம்.

பழைய காகிதங்கள்

எடை பற்றிய எந்த வழக்கிலும் நான் முதலில் கேட்பது பழைய காகிதங்களை. தடுப்பூசி அட்டை, பள்ளி உடல்நலப் பரிசோதனை அட்டை, மருந்துச் சீட்டுகள், எதுவானாலும் சரி. ஞாபகம் ஒரு பெரிய சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை எல்லாம் அதன் பின்னால் அடுக்கிவிடும். ஆடிப் பண்டிகையில் ஊரே கோயில் வாசலில் இருக்கும்போது பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்தால் எந்தத் தாய்க்கும் அது மறக்காது. அதற்கு முன் மாதம் அரைக்கால் சட்டை இறுகியது மறந்துபோகும்.

இந்தத் தாய் எதையும் தூக்கிப் போடாதவர். ஒரு நெகிழிப் பை நிறையக் கொண்டுவந்தார். அதிலிருந்து தேறியது இவ்வளவு: 5 வயது பூஸ்டர் ஊசியின்போது உயரம் 108 செ.மீ., எடை 17.5 கிலோ. 9 வயது 3 மாதத்தில் பள்ளிப் பரிசோதனை அட்டையில் 134 செ.மீ., 33 கிலோ. காய்ச்சலின்போது எழுதிய மருந்துச் சீட்டின் மூலையில் 38 கிலோ. 10 வயது ஊசிக்குப் போனபோது, அதாவது காய்ச்சலுக்கு எட்டு மாதம் கழித்து, 141 செ.மீ., 48 கிலோ. என்னிடம் வந்த அன்று 144 செ.மீ., 55 கிலோ.

இதை வளர்ச்சி அட்டவணையில் புள்ளி வைத்துப் பார்த்தால் தாயின் கதை பாதி நிற்கிறது, பாதி நிற்கவில்லை. 5 வயதில் உடல்நிறை எண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. அளவு) 15. அந்த வயதுக்கு மிகச் சரியான அளவு. 9 வயதைத் தாண்டியபோதே 18.4, இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015ஆம் ஆண்டு அட்டவணையில் அதிக எடைக் கோட்டை எட்டியாகிவிட்டது. காய்ச்சல் வருவதற்கு முந்தைய ஏழரை மாதத்தில் மட்டும் 5 கிலோ கூடியிருக்கிறது. ஆகவே எடை ஏறத் தொடங்கியது காய்ச்சலுக்கு முன்பே. இதில் சந்தேகம் இல்லை.

ஆனால் காய்ச்சலுக்குப் பின் வந்த எட்டு மாதத்தில் 10 கிலோ. மாதத்துக்கு 700 கிராம் போல ஏறிக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. அதற்கடுத்த ஆறு மாதமும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. ஏதோ நடந்திருக்கிறது. தாய் கண்ணால் பார்த்ததைத் தள்ளிவிடவும் முடியாது.

உயரம் சொன்ன சேதி

எடை கூடிய குழந்தையைப் பார்க்கும்போது எடையைவிட உயரம்தான் முக்கியமான தகவல் என்பேன். தைராய்டு சுரப்புக் குறைவு, கார்டிசால் மிகைச் சுரப்பு போன்ற நோய்களில் பிள்ளை பருக்கும், ஆனால் உயரம் நின்றுவிடும். இவன் 21 மாதத்தில் 10 செ.மீ. வளர்ந்திருக்கிறான். வயதுக்கேற்ற வளர்ச்சி. இந்த ஒரு விவரமே ஹார்மோன் நோய்களை ஏறக்குறைய ஓரம் கட்டிவிடுகிறது. எடை கூடிய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் வேலையாக ஆயிரக்கணக்கில் செலவழித்து ஹார்மோன் பரிசோதனை எடுக்கச் சொல்லும் வழக்கம் நம் ஊரில் பெருகிவருகிறது. ஓர் அளவுநாடாவும் பழைய அட்டையும் அதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும்.

உடல் பரிசோதனையில் முகம் வட்டமாக உப்பவில்லை. வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் இல்லை. கை கால் விரல்கள் சரியாக இருந்தன, பார்வையில் குறையில்லை, படிப்பில் கெட்டிக்காரன். ஆகவே பிறவி நோய்க்குறித் தொகுப்புகளுக்கும் இடமில்லை. கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அடங்காத பசி இருந்ததா என்று கேட்டேன், இல்லை. அது இருந்தால்தான் ஒற்றை மரபணுக் கோளாறுகளைத் தேட வேண்டும். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் லேசாகக் கறுத்துத் தடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்து அவன் ஆயா (தந்தையின் அம்மா) பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தார். அது அழுக்கல்ல; உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காமல் போவதன் வெளி அடையாளம். இரத்த அழுத்தம் 108/70. லேசான குறட்டை.

தைராய்டு இயல்பு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 88, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ1சி) 5.4 விழுக்காடு. மொத்தக் கொலஸ்ட்ரால் 138, டிரைகிளிசரைடு 92. கல்லீரல் நொதி சற்றே கூடுதல். ஸ்கேனில் கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்புப் படிவு.

இந்தக் கொலஸ்ட்ரால் எண்களைப் படித்தபோது என் கவனம் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பக்கம் திரும்பியது. ஏன் என்று விளங்க, பம்பாய்க் கோழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோழியிலிருந்து மனிதனுக்கு

1980களில் பம்பாயில் கோழிகளிடையே ஒரு கொள்ளைநோய் பரவியது. கால்நடை நோயியல் நிபுணர் எஸ். எம். அஜிங்க்யா அதற்குக் காரணமான ஓர் அடினோவைரஸைப் பிரித்தெடுத்தார். அது எஸ்.எம்.ஏ.எம்.-1 எனப்பட்டது. செத்த கோழிகளின் வயிற்றில் கொழுப்பு மண்டிக் கிடந்தது என்ற செய்தியை அவர் வாயிலாகக் கேட்டவர் நிகில் துரந்தர், உடல் பருமனுக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர். நோயில் சாகும் கோழி வற்றிப்போய்த்தானே சாகும்? நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். கொழுத்துச் சாகும் கோழி என்பது துரந்தருக்கு உறுத்தியது. வைரஸைச் செலுத்திய கோழிகளையும் செலுத்தாத கோழிகளையும் ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார். வைரஸ் ஏறிய கோழிகளுக்குக் கொழுப்பு அதிகம். விசித்திரம் என்னவென்றால் அவற்றின் இரத்தத்தில் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் குறைவு.

அடுத்து மனிதர்கள். பருமனான 52 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 10 பேருக்கு அந்தக் கோழி வைரஸுக்கான எதிர்ப்பொருள், அதாவது தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம், இருந்தது. அந்தப் பத்துப் பேரும் மற்றவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 15 கிலோ அதிக எடை, கொலஸ்ட்ராலோ குறைவு. 1997இல் இது வெளியானது. அதற்குள் துரந்தர் அமெரிக்கா சென்று, விஸ்கான்சினில் ரிச்சர்ட் அட்கின்சனோடு சேர்ந்திருந்தார். இந்தியக் கோழி வைரஸை அந்நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. அதனால் மனிதருக்கு வரும் அடினோவைரஸ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: 36ஆம் வகை. 1978இல் ஜெர்மனியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் மலத்திலிருந்து முதலில் பிரிக்கப்பட்டது அது. மற்ற வகைகளின் எதிர்ப்பொருளோடு குழம்பாமல் தனியாக அடையாளம் காண முடியும் என்பதே தேர்வுக்குக் காரணம்.

2000இல் கோழிகளிலும் எலிகளிலும் அதே விளைவு. 2002இல் குரங்குகளில்; மார்மொசெட் என்னும் சிறு குரங்குகளில் வைரஸ் பெற்றவை பெறாதவற்றைவிட மூன்று மடங்கு எடை கூடின, கொலஸ்ட்ரால் இறங்கியது. 2005இல் அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் 502 பேரைச் சோதித்ததில் பருமனானவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2010இல் சான் டியாகோவில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு. 8 முதல் 18 வயது வரை 124 பேர். பருமனான 67 பேரில் 15 பேருக்கு, பருமனில்லாத 57 பேரில் 4 பேருக்கு எதிர்ப்பொருள். எதிர்ப்பொருள் இருந்த பிள்ளைகள் இல்லாதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 23 கிலோ கூடுதல்.

கொழுப்புச் செல்லுக்குள் என்ன நடக்கிறது

எண்ணிக்கைத் தொடர்பு மட்டும் என்றால் இதை நான் இவ்வளவு பொருட்படுத்தியிருக்க மாட்டேன். செயல்முறையும் ஓரளவு தெளிவாகியிருக்கிறது என்பதே இந்த ஆராய்ச்சியின் பலம்.

உடலில் கொழுப்பு கூடுவது இரண்டு வகையில் நடக்கும். வியாபாரம் பெருத்தால் ஜவ்வரிசி மில்காரர் இருக்கிற கிடங்கையே கூரை முட்ட அடுக்கலாம், அல்லது பக்கத்தில் புதுக் கிடங்கு கட்டலாம். உடலும் இருக்கிற கொழுப்புச் செல்லை உப்ப வைக்கும். அல்லது இன்னும் எதுவாகவும் ஆகாமல் காத்திருக்கும் ஸ்டெம் செல்களைப் புதுக் கொழுப்புச் செல்களாக மாற்றும். 36ஆம் வகை அடினோவைரஸ் செய்வது இரண்டாவது. கொழுப்புறிஞ்சும் அறுவை சிகிச்சைகளில் வெளியே எடுத்த மனிதத் திசுவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, லூசியானாவில் உள்ள பென்னிங்டன் ஆய்வு மையத்தில் மக்டலேனா பசாரிகாவும் துரந்தரும் சோதித்தார்கள். வைரஸ் நுழைந்த செல்கள், நுழையாதவற்றைவிட மிக அதிக எண்ணிக்கையில் கொழுப்புச் செல்களாக முதிர்ந்தன.

வைரஸின் மரபணுத் தொகுதியில் இ4 ஓ.ஆர்.எஃப்.1 என்ற ஒரே ஒரு மரபணு இதற்குப் போதும் என்று 2008இல் காட்டினார்கள். அதைச் செயலிழக்கச் செய்தால் விளைவு நின்றுவிடுகிறது. அதை மட்டும் தனியாகச் செலுத்தினாலும் விளைவு வருகிறது. அந்த மரபணு உண்டாக்கும் புரதம், வழக்கமாக இன்சுலின் தட்டித் திறக்கும் ஒரு சமிக்ஞைப் பாதையை இன்சுலின் இல்லாமலே திறந்துவிடுகிறது. செல்லுக்குள் குளுக்கோஸ் கூடுதலாக இழுக்கப்படுகிறது. கொழுப்புச் செல்லாக மாறச் சொல்லும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் குறைவதன் காரணமும் இதுவாக இருக்கலாம்: அவை புதிய செல்களுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பருமனைக் கூட்டும் ஒரு வைரஸிடமிருந்து நீரிழிவுக்கு மருந்து கிடைக்குமா என்று தேடுவது வரை இந்த வழி போயிருக்கிறது.

குழந்தைகளுக்கு இது ஏன் கூடுதல் முக்கியம்? 2008இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு, அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கதிரியக்கக் கார்பனை வைத்து மனிதக் கொழுப்புச் செல்களின் வயதைக் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு செல்கள் மடிந்து புதியவை வருகின்றன. ஆனால் மொத்த எண்ணிக்கை சிறுவயதிலும் விடலைப் பருவத்திலும் முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு எடை எவ்வளவோ குறைந்தாலும் செல்களின் எண்ணிக்கை இறங்குவதில்லை. 10 வயதில் கூடுதல் செல்களை முளைக்க வைக்கும் எதுவானாலும், வைரஸோ வேறொன்றோ, அதன் கணக்கு வாழ்நாள் முழுக்கத் தொடரும். குழந்தைப் பருவத்துப் பருமனை "வளர்ந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடுவதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

மறுபக்கம்

எல்லா ஆய்வும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கப் படைவீரர்களிடம் 2010இல் வெளியான ஆய்வில் பருமனானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் எதிர்ப்பொருளில் வேறுபாடு இல்லை. நெதர்லாந்து, பெல்ஜியம் மக்களிடம் 2011இல் எதிர்ப்பொருளே மிகச் சிலருக்குத்தான் இருந்தது. பருமனோடு தொடர்பும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் தொகுப்பாய்வுகள் ஒரு தொடர்பு இருக்கிறது என்கின்றன. தொடர்பு வேறு, காரணம் வேறு. மனிதருக்கு வேண்டுமென்றே வைரஸைச் செலுத்திப் பார்ப்பது அறமல்ல. ஆகவே கோழியிலும் குரங்கிலும் கிடைத்த வகைச் சான்று மனிதரில் கிடைக்கப்போவதில்லை. பருமனானவர்களுக்குத் தொற்று எளிதில் பிடிக்கிறது என்று தலைகீழாக வாதிடவும் இடமுண்டு.

எதிர்ப்பொருள் பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. எப்போதோ தொற்று வந்துபோனதைத்தான் அது சொல்லும். எப்போது வந்தது, எடை கூடுவதற்கு முன்பா பின்பா என்று சொல்லாது.

இவனுக்குத் திரும்ப வருவோம்

குறைந்த கொலஸ்ட்ரால், இயல்பான சர்க்கரை, காய்ச்சலுக்குப் பின் இரட்டிப்பான எடை வேகம். இவை மூன்றும் வைரஸ் பக்கம் கை காட்டுகின்றன. ஆனால் கழுத்துக் கருமையும் கல்லீரல் கொழுப்பும் எதிர்த்திசையில் காட்டுகின்றன. அந்த வைரஸின் சாயல் இன்சுலினுக்கு உடல் நன்றாக இணங்குவது, இவனிடமோ இணங்காமைக்கான அடையாளம். 11 வயதில் 138 கொலஸ்ட்ரால் எத்தனையோ பிள்ளைகளுக்கு இருப்பதுதான்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் அந்தத் தந்தைக்குப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. அடினோவைரஸ் என்பது ஒன்றல்ல. மனிதரைத் தொற்றும் வகைகளே ஐம்பதுக்கும் மேல். தொண்டையும் கண்ணும் சேர்ந்து பாதிக்கும் காய்ச்சலைக் கொண்டுவருபவை பெரும்பாலும் 3, 4, 7 ஆகிய வகைகள். கொழுப்போடு பேசப்படும் 36 வேறு குழுவைச் சேர்ந்தது. கோழிகளில் சோதித்தபோது 37ஆம் வகையும் கொழுப்பைக் கூட்டியது; 2ஆம் வகையும் 31ஆம் வகையும் கூட்டவில்லை. ஆகவே "அடினோவைரஸ் வந்தது, எடை கூடியது" என்று இரண்டையும் நேராக முடிச்சுப் போட முடியாது.

அப்படியானால் காய்ச்சலுக்குப் பின் வேகம் ஏன் இரட்டித்தது? நெகிழிப் பையில் கடைசியாக இருந்த ஒரு ரசீது பதில் சொன்னது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய பசி டானிக். காய்ச்சல் விட்டதும் பையன் துரும்பாக இளைத்துவிட்டான் என்று ஆயா பதறியிருக்கிறார். கடைக்காரர் கொடுத்த டானிக்கில் இருந்தது சைப்ரோஹெப்டடின். ஒவ்வாமைக்கான பழைய மருந்து, பசியைக் கிளப்பும் பக்கவிளைவுக்காகவே நம் ஊரில் புட்டி புட்டியாக விற்பது. மூன்று மாதம் இரண்டு வேளையும் கொடுத்திருக்கிறார்கள். கூடவே தேறட்டும் என்று தினம் இரண்டு முட்டை, பால், பூஸ்ட், சாயங்காலம் பேக்கரியில் பப்ஸ். இருமலுக்காக ஐந்து நாள் ஸ்டீராய்டு சிரப்பும் கொடுத்திருந்தார்கள். அவ்வளவு குறுகிய காலம் கொடுத்தது ஓராண்டு எடைக்குக் காரணமாகாது.

காய்ச்சலுக்கு முன்பே ஏறத் தொடங்கிய எடைக்கும் காரணம் கிடைத்தது. நான்காம் வகுப்பில் பள்ளி மாறியிருக்கிறான். முன்பு தெருப் பிள்ளைகளோடு நடந்து போய்க்கொண்டிருந்தவனுக்கு வாசலில் வேன். மாலையில் டியூஷன். பட்டறையில் ஆர்டர் நெருக்கடி என்றால் பெற்றோர் இருவரும் இரவு எட்டரை வரை அங்கேதான். பையன் கையில் இருபது ரூபாய். தெருமுனையில் தட்டுவடை செட், பக்கத்தில் குளிர்பானம். தாய் இதைச் சொல்லும்போது அழுதார். அழத் தேவையில்லை என்று சொன்னேன், மனதாரச் சொன்னேன். உழைக்கும் குடும்பம் ஒன்று பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்த்ததும், காய்ச்சலில் விழுந்தவனைத் தேற்ற முயன்றதும் குற்றமல்ல.

டானிக் நின்ற பிறகும் எடை தொடர்ந்து ஏறியதே, அதில் வைரஸுக்குப் பங்கு உண்டா? இருக்கலாம். டானிக்கும் வழக்கங்களும் மட்டுமே கூட அதை விளக்கப் போதும். 36ஆம் வகைக்கான எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு நான் எழுதவில்லை. ஆம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் செய்ய வேண்டிய சிகிச்சை ஒன்றுதான். அந்த வைரஸுக்குத் தடுப்பூசியோ மருந்தோ இல்லை.

தனித் தட்டு பற்றி

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கிப் பேசினேன். அடினோவைரஸ் தொற்றுவது உண்மை. இருமல், கை, மலம் வழியே பரவும். குழந்தைகளின் மலத்தில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் வெளிவரும். அதன் மேல் கொழுப்பு உறை கிடையாது என்பதால் சானிடைசரைவிடச் சோப்புப் போட்டுக் கை கழுவுவதே நல்லது. இதெல்லாம் மெட்ராஸ் ஐ வந்த வாரத்தில் வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டியது. ஒருவர் பருமனாக இருப்பது அவர் உடம்பில் இப்போது வைரஸ் இருக்கிறது என்பதற்கு அடையாளமே அல்ல. பதின்மூன்று மாதம் கழித்துத் தட்டைப் பிரிப்பதால் தங்கைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அண்ணனுக்குக் காயம் மட்டும் நிச்சயம்.

ஆயா கேட்டது வேறு: "அப்ப கோழிக்கறி, முட்டை எல்லாம் நிறுத்திடலாங்களா?" வேண்டாம். வெந்த கறியும் முட்டையும் தின்று இந்த வைரஸ் மனிதருக்கு வந்ததாக எந்தச் சான்றும் இல்லை. வளரும் பிள்ளைக்கு முட்டை நல்ல உணவு. நிறுத்த வேண்டியது குளிர்பானத்தையும் பசி டானிக்கையும்.

பையனிடம் தனியாக ஒன்று சொன்னேன். உன் உடம்பு கொழுப்பைச் சேர்த்து வைப்பதில் உன் வயதுப் பிள்ளைகள் சிலரைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது. அதற்குப் பல காரணம் இருக்கலாம். எதுவும் உன் பேராசை இல்லை. அவன் கேட்டான்: "அப்ப தங்கச்சி ஏன் குண்டாகல?" நியாயமான கேள்வி. ஒரே அடுப்பில் வெந்ததைத்தான் இருவரும் சாப்பிடுகிறார்கள். மரபணு, அவள் இன்னும் நடந்து போகும் பள்ளி, அவளுக்கு டானிக் கொடுக்காதது, ஒருவேளை அவனுக்கு வந்து அவளுக்கு வராத ஏதோ ஒரு தொற்று. எல்லாவற்றையும் அவனுக்குப் புரிகிற மொழியில் சொன்னேன். 11 வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

எட்டு மாதம் கழித்து

பட்டினி போடச் சொல்லவில்லை. வளரும் வயதில் எடையைப் பிடித்து வைத்தாலே போதும், உயரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வேனைக் காலையில் மட்டும் வைத்துக்கொண்டு மாலையில் நடந்து வருவது. டியூஷனுக்கு முன் வீட்டில் சுண்டலோ நிலக்கடலையோ. குளிர்பானம் வீட்டில் யாருக்குமே இல்லை. இரவு ஒன்பதரைக்குக் கைபேசியை அணைப்பது. ஞாயிறு காலையில் தந்தையும் அவனும் காந்தி ஸ்டேடியத்துக்குப் போகத் தொடங்கினார்கள். தந்தையின் வயிறும் குறைந்திருக்கிறது. தட்டுவடை செட்டை முழுக்கத் தடை செய்யவில்லை, சனிக்கிழமை உண்டு. சேலத்துப் பிள்ளையிடமிருந்து அதைப் பறித்தால் மற்ற எல்லாவற்றையும் அவன் கைவிட்டுவிடுவான்.

அண்மையில் அளந்தபோது உயரம் 149 செ.மீ., எடை 57 கிலோ. உடல்நிறை எண் 26.5இலிருந்து 25.7. பெரிய இறக்கம் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டாக ஏறிக்கொண்டிருந்த கோடு முதல்முறை கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது. கழுத்துக் கருமை மங்கத் தொடங்கியிருக்கிறது. கல்லீரல் நொதி இயல்புக்கு வந்துவிட்டது. அடுத்த ஸ்கேன் ஆடி கழித்து. தட்டு ஒன்றாகிவிட்டது என்று தாய் சொன்னார். தங்கையின் உயரம், எடையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே அட்டவணையில் குறித்து வருகிறோம். இதுவரை அவளுடைய கோடு சீராகப் போகிறது.